ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அக்காவின் தோள்பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். நீல நிறம். கழுத்துவரை நிரம்பியிருக்கும். காலையில் நிரம்பி வருவது சாயங்காலம் அப்படியே நிரம்பித் திரும்பிப் போகும். குடித்து ஒரு மடக்கு குறைந்துகூட நான் பார்த்ததில்லை. குடிக்காத தண்ணீரை எதற்காக ஒருத்தி சுமக்க வேண்டும், அதுவும் கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறவள்? கேட்டால் சிரிப்பாள்.

"பாட்டிலு கையில இருந்தா எவனும் தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டான். அதுக்குத்தான்."

அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியவந்த நாளைப் பிறகு சொல்கிறேன்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் யாராவது "அடப் பாவமே, அந்தப் பொண்ணா" என்பார்கள். அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது. "என்னைப் பாத்து பாவம்னு சொல்ற வாயில ஒரு தடவையாவது, கொஞ்சம் நவுந்து உக்காருங்கன்னு வந்துருக்கா?" என்று கேட்பாள். வந்ததில்லை.

விழுப்புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறுவேன். அக்கா ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே வேறு பஸ் மாறி வருவாள். எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். இளம்பிள்ளைவாதத்தில் அவளுடைய வலது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாக ஒரு காலிப்பர். அதை மாட்டி முழங்காலில் பூட்டினால்தான் அந்தக் கால் உடம்பைத் தாங்கும். பூட்டிய காலை மடக்க முடியாது. பூட்டைத் திறந்து மடக்கினாலும் குந்தி உட்கார முடியாது. தரையோடு தரையாக இருக்கிற எந்தக் கழிப்பறையும் அவளுக்குச் சுவர் மாதிரிதான்.

அதனால் வேலை நாட்களில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவாள். மறுநாள் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டு இறங்காது. மோர் சாதம், ரசம், பழம் எதுவும் கிடையாது. டப்பாவில் புளிச்சோறு, இல்லாவிட்டால் எண்ணெய் தடவிய சப்பாத்தி. தொண்டை வறண்டால் நெல்லிக்காய்த் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். சித்திரை வெயிலில், திண்டிவனம் சாலையோரத்தில் தர்பூசணியைக் குவித்து வைத்து, பாதியாய் அறுத்துச் சிவப்பைக் காட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்த இடம் வரும்போது மட்டும் அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவாளாம். அதைச் சொல்லும்போதே எச்சில் விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு வேறு. "ஞாயித்துக்கிழமை வந்து பாரு பாப்பா என்னை. மாடு தொட்டியில வாய வச்ச மாதிரி குடிச்சிக்கினே இருப்பேன்" என்பாள். வேலைக்குச் சேர்ந்ததும் அவள் வீட்டில் முதல் காரியமாகக் கட்டியது உட்கார்ந்து போகிற கழிப்பறை. பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. ஊரில் அதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம், "இது என் நாற்காலி. முதலமைச்சருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றாளாம்.

இப்படிச் சிரிக்க சிரிக்கப் பேசுவாள் என்பதாலேயே அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அலுவலகம் மாடியில். கழிப்பறை கீழே, கட்டடத்துக்குப் பின்னால், பாசி பிடித்த மூன்று படி இறங்கி, தரையோடு தரையாக. ஆடிட்டர் நல்ல மனிதர். அக்காவைப் பற்றி யார் வந்தாலும், "நம்ம ஆபீஸ்லயே இவங்கதான் லீவே போடாத ஆளு" என்று பெருமையாகச் சொல்வார். மாடியில் ஒரு வெஸ்டர்ன் வைக்கச் சொல்லி அக்கா கேட்டபோது, "கண்டிப்பா வச்சிடலாம்மா, ஓனர் கையில பேசுறேன்" என்றார். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். அப்புறம் அக்கா கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அந்த மனிதர்மேல் இன்றுவரை ஆத்திரம் இருக்கிறது. கெட்டவரிடம் சண்டையாவது போடலாம்.

ஒருமுறை வேலையாக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். புதுக் கட்டடம். வாசலில் சாய்தளம், உள்ளே சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறைக் கதவு. அக்கா அந்தப் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனதை நான் மறக்கவே மாட்டேன். திருவிழாவில் பலூனைப் பார்த்த பிள்ளை போல நின்றாள். கதவில் பூட்டு. கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து, "அதுவா, உள்ள பழைய ஃபேனும் தொடப்பமும் போட்டு வச்சிக்கீறாங்க. சாவி வச்சிருக்கிறவரு லீவு. யாரும் வர்றதில்லயேன்னு பூட்டிட்டாங்கம்மா" என்றார்.

"நான் வந்துட்டேனே" என்றாள் அக்கா.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க நாளைக்கு வாங்களேன்" என்றார். நல்ல பதில். அவசரத்தை நாளைக்கு ஒத்திப்போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பஸ் வேறு பேஜாரு. கட்டையைப் பார்த்ததுமே சில டிரைவர்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் வண்டி நகர்ந்துவிடும். நிறுத்தினாலும் முதல் படி இடுப்பு உயரத்தில் இருக்கும். கட்டையை முதலில் உள்ளே போட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலால் ஏறி, கெட்ட காலை இழுத்துக்கொள்வாள். "ஜல்தி ஏறும்மா, டைம் ஆவுது" என்று விசில் கேட்கும். ஏறி உட்கார்ந்தால், பூட்டிய கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் இடறிவிட்டு அவளைத்தான் முறைப்பார்கள். மாற்றுத்திறனாளி என்று எழுதிய இருக்கையில் திடகாத்திரமான ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று சத்தமாக, "எழுப்பாத பாப்பா, அவருக்குக் கண்ணு தெரியாது போல கீது. சீட்டு அவருதுதான்" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். அவர் எழுந்தே ஆக வேண்டும்.

ரயிலில் போகக் கூடாதா, மூன்று சக்கர ஸ்கூட்டர் வாங்கக் கூடாதா என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். ரயில் என்றால் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். ஸ்கூட்டரை லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற நாற்கரச் சாலையில் விழுப்புரம்வரை ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் அவள் பதில் சொல்வதில்லை. "யோசனைக்குக் காசா பணமா, சொல்லிட்டுப் போவட்டும்" என்று விட்டுவிடுவாள்.

அவளுடைய அண்ணன்தான் சுருக்கமாகச் சொன்னார். "இன்னாத்துக்கு இந்தப் பாடு? வேலைய விட்டுட்டு ஊட்டுல இரு. சோறு போட மாட்டனா?" நல்ல அண்ணன். அவர் சொன்னதை பஸ்ஸில் எனக்குச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலையும் அக்காவே சொன்னாள்.

"ஊட்டுல இருந்தா தண்ணி குடிக்கலாம் பாப்பா. அத்தோட சரி. ஒரு மூலையில போட்ட அண்டா மாதிரி இருக்கணும். அண்ணி பெருக்கும்போது நவுந்து குடுக்கணும். நாலு பேரு மூஞ்சியப் பாக்காம, நாலு வார்த்தை சண்டை போடாம, இன்னா உசுரு அது? எனக்குத் தண்ணி வாணாம். நான் வேலைக்கு வர்றேன்."

அவள் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே பேரம்தான். வெளியே போக வேண்டுமானால் தாகத்தோடு போ. தண்ணீர் வேண்டுமானால் வீட்டிலேயே கிட.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் அவளுக்குத் தாகமே எடுக்காது என்று நினைத்திருந்தேன். எங்கள் அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அங்கேதான் வினை வந்தது.

அது மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கும் சமயம். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கூட்டேரிப்பட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அம்மாவுக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வாசலிலேயே சொம்பில் தண்ணீரோடு நின்றாள். அக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "கீதும்மா" என்றாள். அவித்த மல்லாட்டை வந்தது. உப்புப் போட்டு அவித்தது, தின்றால் தண்ணீர் கேட்கும். நாலு எடுத்துத் தின்றாள், தண்ணீரைத் தொடவில்லை. காபி வந்தது. வேண்டாம் என்றாள். கேப்பைக் கூழைக் கரைத்து மோர் மிளகாயோடு கொண்டுவந்து வைத்தாள் அம்மா. அதுவும் அப்படியே இருந்தது.

எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொண்டு ஏழு தலைமுறைக்குப் பேசாமல் இருப்பார்கள். அம்மா வாய்விட்டே சொன்னாள். அடுப்பங்கரையிலிருந்து, கூடத்துக்குக் கேட்கிற மாதிரி.

"நம்ம ஊட்டுத் தண்ணி அவங்களுக்கு எறங்காதுடி. நம்ம கையி எந்தக் கையின்னு விசாரிச்சுக்கினு வந்துருப்பாங்க. நொண்டிக்கினு வந்தாலும் அதுக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

அக்கா கட்டையை ஊன்றி எழுந்தாள். நேராக அடுப்பங்கரை வாசலுக்குப் போய் நின்று கையை நீட்டினாள்.

"அந்தச் சொம்ப இப்டி குடும்மா."

அம்மா கொடுத்தாள். அக்கா அண்ணாந்து மடக் மடக்கென்று முழுச் சொம்பையும் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள். அதையும் குடித்தாள். அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "கேட்டாத்தான் குடிக்குது பாரு" என்று அவள் தலையைத் தடவினாள். அக்காவும் சிரித்தாள். நானும் நிம்மதியாகச் சிரித்தேன்.

திண்டிவனம்வரை அவளைக் கொண்டுபோய் விடலாம் என்று நானும் கூடவே பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. முன்னால் ஏதோ சாலை மறியல். லாரிகளும் பஸ்களும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசையாக நின்றன. ஆண்கள் இறங்கிச் சாலையோரத்துக்குப் போய்வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் சிலர் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார்கள். அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"வாங்கக்கா, நானும் வர்றேன். தோப்பு கிட்டத்துலதான் கீது" என்றேன்.

"நீ போனா குந்துவ. நான் எப்டி குந்துறது?"

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு கேள்வியில் பாட்டில், நெல்லிக்காய், புளிச்சோறு எல்லாமே எனக்கு ஒன்றாகப் புரிந்தது. யாரிடமாவது பைக் கேட்கலாமா, பின்னால் ஏதாவது வீட்டில் கேட்கலாமா என்று நான் எழுந்து தவித்தேன். பைக்கில் ஏறி எங்கே போவது? எந்த வீட்டில் அவளுக்கு ஆகிற மாதிரி இருக்கும்? எங்கள் வீட்டிலேயே இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. வண்டி நகரவில்லை.

அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தபோது சீட்டுக்கு அடியில் கோடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி அக்கா பையிலிருந்து அந்த நீலப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். மடியில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள்.

"ஐயய்யோ, மூடி கழண்டுக்கினு பூடுச்சே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

முன்சீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். "பாத்து வச்சிக்கக் கூடாதாம்மா? இவங்கள எல்லாம் தனியா இன்னாத்துக்கு அனுப்புறாங்களோ" என்று முனகினார். "சாரிங்க, சாரிங்க" என்றாள் அக்கா. நடத்துநர் எட்டிப் பார்த்து, "தண்ணிதான, காஞ்சிடும்" என்றார்.

ஆமாம், தண்ணீர்தான். மூடியைத் திருகிய விதம், கவிழ்த்த விதம், கத்திய விதம் எல்லாம் பல தடவை செய்து பழகியவையாக இருந்தன. அந்தப் பாட்டிலை அவள் எதற்காகச் சுமக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை. திண்டிவனத்தில் இறங்கும்போது, "உங்க அம்மாகிட்ட சொல்லாத. அது மனசு கஷ்டப்படும். அன்பா குடுத்த தண்ணி" என்றாள்.

திங்கட்கிழமை அதே பஸ், அதே இடம், நிரம்பிய அதே பாட்டில். எங்கள் வீட்டுக்கு மறுபடி அவள் வரவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்தேன்.

உடம்பு எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே குத்துவலி. சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிகிறது என்பாள். திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "நல்லா தண்ணி குடிங்க" என்றாராம். "ஞாயித்துக்கிழமை குடிக்கிறேன் சார்னு சொன்னேன். அவரு நான் தமாஷ் பண்றேன்னு சிரிக்கிறாரு" என்றாள். வேலையை விட்டுவிடச் சொல்லி அண்ணன் கெஞ்சினார். நானும் சொன்னேன். "விட்டுட்டு?" என்று கேட்டாள். ஒருநாள் காலையில் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டிருக்கவில்லை. அக்காவே இல்லை. முகமும் காலும் வீங்கி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவள் அண்ணன் போன் செய்தார்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வருடக்கணக்காக அடக்கி அடக்கி, திரும்பத் திரும்பக் கிருமி தாக்கி, கல் சேர்ந்து, என்று அங்கே டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முன்னமே வந்திருக்கலாம் என்றார். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் அம்மாவிடம் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். இனியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் அம்மா எங்கள் மரத்து இளநீரைப் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

நர்ஸ் இளநீரைப் பார்த்ததும் பதறிப் போய், "இதெல்லாம் குடுக்கவே கூடாதும்மா" என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். தண்ணீரே அளந்துதான். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த நீலப் பாட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு மேலே வெறுமை. பஸ்ஸில் கவிழ்த்த அந்த ஒரு நாளைத் தவிர, அந்தப் பாட்டிலை நிரம்பாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா கட்டிலருகே நின்றாள். அக்காவின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அக்காவே ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, அவ்ளோ தூரம் வந்து சும்மா நிக்கிற? ஒரு வாய் தண்ணி குடு. எனக்கு இன்னிக்குப் பங்கு இன்னும் கீது. உன் கையால குடிச்சிக்கிறேன்."

அம்மா மூடியில் ஊற்றிப் புகட்டினாள். அக்கா அதை உடனே விழுங்காமல் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தாடையால் வார்டின் மூலையைக் காட்டினாள். அங்கே அகலமான கதவு, உள்ளே உட்கார்ந்து போகிற கழிப்பறை, இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி.

"பாத்தியா பாப்பா? நாலு தப்படிதான். பூட்டு கூட கெடயாது. எத்தினி வருஷமா கேட்டது, இப்ப பக்கத்துலயே கட்டி வச்சிக்கீறாங்க. எனக்குத்தான் ஒண்ணுக்கு வர்றது நின்னு போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் எப்போதும் நானும் சிரிப்பேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள். எங்கள் பக்கம் செத்தவர் வீட்டில் கருமாதிவரைக்கும் விளக்கேற்றி, பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைப்பார்கள். போன உயிர் தாகத்துக்கு வந்து குடிக்குமாம். அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவள் படத்துக்கு முன்னாலும் வைத்திருந்தார்கள். காலிப்பர் மூலையில் சாத்தியிருந்தது. எனக்கு அந்தச் சொம்பைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. உயிரோடு இருந்தபோது அவள் குடித்துவிட்டுப் போக ஓர் இடம் வைக்காத ஊர், இப்போது விளக்கேற்றி வைத்துக் கூப்பிடுகிறது. எடுத்து வெளியே கொட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அம்மா போய்ச் சொம்பைத் தூக்கிப் பார்த்தாள். தூசு விழுந்திருந்தது. பின்பக்கம் போய்க் கொட்டிக் கழுவி, தளும்பத் தளும்பப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னாள்.

"இனிமே அவளுக்கு பஸ்ஸுக்குப் போவுற வேல இல்ல. குடிக்கட்டும்."